தூக்குவாளியில் ஒரு வரலாறு



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். வரலாறு படித்தவன் என்பதால் பாண்டியர் கல்வெட்டைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் எழுத வந்திருப்பதோ ஒரு தூக்குவாளியைப் பற்றி. படித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு வரலாறா?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

1974-ல் நான் முதல் வருஷம் பி.ஏ. தேவதானத்திலிருந்து தினமும் பஸ். அம்மா கொடுத்துவிடும் தூக்குவாளியில் கம்பஞ்சோறும் மோரும் இருக்கும். வெஞ்சனத்துக்கு ரெண்டு மோர்மிளகாய், நாலு சின்ன வெங்காயம். மத்தியானம் மற்றவர்கள் வகுப்பில் தயிர்ச்சாதமும் புளிச்சாதமும் திறக்கும்போது, நான் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்விடுவேன். "என்னடா கொண்டு வந்திருக்கே?" என்று ஒரு நண்பன் கேட்டான். "தயிர்ச்சோறுதான்" என்றேன். அது பொய். அடுத்த மாதம் அம்மாவிடம், "இனிமே கம்பு வேண்டாம், நெல்லுச்சோறு குடுத்தாக் குடு, இல்லாட்டி வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் முதல் நெல்லுச்சோறு வந்தது. வீட்டில் மற்றவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

தோற்றுப்போன சமையல்

2020-ல் ஊரடங்கு வந்தது. எல்லார் வீட்டையும் போல எங்கள் வீடும் சமையல் கூடமாக மாறியது. முதலில் காப்பித்தூளையும் சர்க்கரையையும் கை வலிக்க அடித்து நுரையாக்கும் டல்கோனா காப்பி. அப்புறம் பேரனுக்குப் பழைய சமையல் மேல் ஆசை வந்துவிட்டது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதை உலகமே கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. "தாத்தா, நாம கம்பங்கூழ் பண்ணுவோமா?" என்றான்.

கடையில் பாக்கெட் கம்பு மாவு வாங்கிக் காய்ச்சினோம். ஒரே கசப்பு. பேரன் முகத்தைச் சுளித்தான். ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது.

"ஏய்யா, என்னைக்கோ அரைச்ச மாவு கசக்காம என்ன செய்யும்? கம்பை அன்னன்னைக்கு இடிக்கணும்யா" என்றார்.

பெரியம்மா சொன்னது முழுக்க அறிவியல். கம்பில் கொழுப்புச் சத்து சுமார் 5 சதவீதம்; தீட்டிய அரிசியில் அது மிகக் குறைவு. கம்பை மாவாக்கியதும் அதிலுள்ள நொதி அந்தக் கொழுப்பைச் சிதைக்க ஆரம்பித்துவிடும். சில நாளிலேயே சிக்கும் கசப்பும் வந்துவிடும். முழுத் தானியமாக இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. அதனால்தான் கம்பு தின்ற ஊர்களில் மாவைச் சேர்த்து வைக்கவில்லை. தானியத்தைக் குலுக்கையில் சேர்த்தார்கள், வேண்டும்போது இடித்தார்கள்.

ஊரடங்கு தளர்ந்ததும் தேவதானம் போனோம். பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நானும் பேரனும் செய்தோம். கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி, ஈரம் ஏறியதும் உரலில் போட்டு இடிக்க வேண்டும். மேல்தோல் கழன்று வரும். சுளகில் போட்டுப் புடைத்து, தவிட்டை நீக்கி, மறுபடி இடிக்க வேண்டும். சலித்தால் மாவு ஒரு பக்கம், குருணை ஒரு பக்கம். உலையில் முதலில் குருணையை வேகவிட்டு, அப்புறம் மாவைக் கரைத்து ஊற்றி, துடுப்பால் விடாமல் கிண்ட வேண்டும். ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவிட்டால் மறுநாள் காலையில் லேசாகப் புளித்திருக்கும். மோரும் உப்பும் விட்டுக் கரைத்தால் கூழ்.

இடிப்பதற்கு மட்டும் எங்களுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. என் கையில் கொப்புளம். பேரன் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். மறுநாள் கூழ் அமிர்தமாகத்தான் இருந்தது. "இவ்வளவு நல்ல சாப்பாட்டை ஏன் பெரியம்மா விட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என் கையைப் பார்த்தார். "ஒரு நாள் இடிச்சதுக்கே இப்படி. நாங்க விடியக்காலம் இடிச்சு வச்சிட்டு, அப்புறம் காட்டு வேலைக்குப் போவோம். வருஷம் பூராவும். அரிசி வந்ததும் ஏன் விட்டோம்னு கேக்கியே!" என்றார்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் வரலாறு படித்திருக்கிறேன். இந்தக் காரணத்தை நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை.

சாமிக்கு நெல், சம்சாரிக்குக் கம்பு

தேவதானம் என்ற பெயரே ஒரு நிலக் கணக்கு. கோயிலுக்குக் கொடையாக விட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் தேவதானம் என்கின்றன. எங்கள் ஊரின் நச்சாடை தவிர்த்த சுவாமி கோயில், பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத் தலம். மேற்கே மலை, சாஸ்தா கோயில் ஆறு, கண்மாய்ப் பாசனம், நெல் வயல். கிழக்கே போகப் போகக் கரிசல். மழையை நம்பிய மானாவாரி. அங்கே கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி.

சாமிக்கு நெல், சம்சாரிக்குக் கம்பு என்பதே பழைய ஏற்பாடு. கோயில் படையல்களுக்குக் கல்வெட்டுகள் கணக்குப் போடுவது பெரும்பாலும் நெல்லில்தான். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி 27-ஆம் நாள் கூடாரவல்லிக்கு ஆண்டாளுக்குப் படைப்பது அரிசியும் பாலும் நெய்யும் சேர்ந்த அக்காரவடிசில்.

நெல்லின் இந்த மரியாதை மிகப் பழையது. பழனிக்கு அருகே பொருந்தல் அகழாய்வில், ஓர் ஈமக்குழியில் சாடி ஒன்றுக்குள் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் ஏறக்குறைய கி.மு. 490 என்று கணித்தார்கள். இறந்தவரோடு வைத்து அனுப்பும் அளவுக்கு நெல் உயர்ந்த பொருள். கம்போ ஆப்பிரிக்காவில் பிறந்து, ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு வந்தது. குறைந்த மழையில் மூன்று மாதத்தில் விளைந்துவிடும். ஏழை நிலத்துக்கு ஏற்ற பயிர். அதனாலேயே ஏழையின் சாப்பாடு என்று பெயர் எடுத்துவிட்டது.

கரிசல் கிராமங்களில் நெல்லுச்சோறு என்பது தீபாவளி, பொங்கல், கல்யாண வீட்டுச் சமாச்சாரம். "சோறு" என்று சும்மா சொன்னால் கம்பஞ்சோறு அல்லது சோளச்சோறு; அரிசிக்குத்தான் "நெல்லு" என்று அடைமொழி வேண்டியிருந்தது. இடைசெவல் தந்த கி. ராஜநாராயணன் இந்த மண்ணின் வாழ்வை எழுதி, 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். அதன் பிறகுதான் நம்மில் பலருக்குக் கரிசல் பேச்சை வெளியே சொல்லும் தைரியம் வந்தது. கரிசல் சாப்பாட்டுக்கு அந்த யோகம் வர இன்னும் காலம் ஆனது.

அரிசி வந்த பாதை

அரிசி ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மானாவாரி மொத்தமாகப் பொய்த்தபோது, சென்னை மாகாணத்துக்குக் கப்பலில் அரிசி வந்து இறங்கியது. அப்புறம் பர்மா அரிசி பழகிப்போனது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அது நின்றது, ரேஷன் வந்தது. 1952-ல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டு வந்தார். 1960-களின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு. 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படியரிசி என்பதே பெரிய பேச்சு. ஆட்சிக்கு வந்த அண்ணா அதைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கி வைத்தார். அதே காலத்தில் ஏ.டி.டி. 27, ஐ.ஆர். 8 என்ற புது நெல் ரகங்கள் வந்தன. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2011 ஜூன் முதல் ரேஷனில் விலையில்லா அரிசி.

இதையெல்லாம் வெறும் அரசியல் என்று தள்ளிவிட முடியாது. ரேஷன் அரிசி எங்கள் தெருவுக்கு வந்தது, உரலடியிலிருந்து பெரியம்மாவுக்குக் கிடைத்த விடுதலை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் நெல்லுச்சோறு தின்றது ஒரு சமத்துவம். "அரிசி வந்து நம்ம பாரம்பரியத்தைக் கெடுத்துவிட்டது" என்று இப்போது மேடையில் பேசுகிறார்களே, அவர்கள் ஒரு வாரம் கம்பு இடித்துவிட்டுப் பேசட்டும்.

ஆனால் இழப்பும் உண்டு. 100 கிராம் கம்பில் இரும்புச் சத்து சுமார் 6 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் 1 மில்லிகிராம்கூட இல்லை. உடம்பு அதை முழுதாக எடுத்துக்கொள்ளாது என்றாலும், ஊறுவதும் புளிப்பதும் அதற்கு உதவும். உருண்டையைத் தண்ணீரில் போட்டுப் புளிக்கவைத்த பழக்கம் வீண் போகவில்லை.

பெயர் மாறியது

சர்க்கார் பாஷையில் கம்பும் சோளமும் வெகுகாலம் "கரட்டுத் தானியம்" வகை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில்கூட அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், இவை 1 ரூபாய். விலையிலேயே தரவரிசை! 2018 ஏப்ரலில் மத்திய அரசு இவற்றுக்குச் "சத்துத் தானியங்கள்" என்று பெயர் மாற்றியது. இந்தியா முன்மொழிய, ஐ.நா. சபை 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தர ஆரம்பித்தார்கள்.

நான் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் மறைத்துத் தின்றது இப்போது நட்சத்திர ஓட்டலில் மண்கலயத்தில் வருகிறது. சந்தோஷம்தான். ஆனால் ஒரு சங்கடம். கூழ் திரும்பி வந்துவிட்டது. அதை இடித்த கை திரும்பிப் பார்க்கப்படவில்லை. சமையல் குறிப்பில் "கம்பு மாவு ஒரு கப்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள் எத்தனை விடியற்காலம் அடங்கியிருக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. இன்று அந்த வேலையை மெஷின் செய்கிறது, செய்யட்டும். பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொண்டு வருவோம். பழைய உரலடியை வேண்டாம்.

மாணவ மணிகளே, உங்களுக்கு ஒரு வேலை. வீட்டிலோ தெருவிலோ எழுபது வயது தாண்டிய ஒரு அம்மாவிடம் உட்கார்ந்து, அவர் இளம்வயதில் என்ன சமைத்தார் என்று கேளுங்கள். எப்படிச் செய்தார் என்பதோடு நிறுத்தாமல், எத்தனை மணிக்கு எழுந்தார், யார் இடித்தார்கள், யார் கடைசியில் சாப்பிட்டார்கள், எப்போது அதை விட்டார் என்பதையும் குறித்து வையுங்கள். கல்வெட்டுக்கு ஆள் இருக்கிறது. இதற்கு ஆள் இல்லை. சொல்லக்கூடியவர்களும் வருஷா வருஷம் குறைகிறார்கள். என் அம்மாவிடம் நான் கேட்காமல் விட்டது இனி எனக்குக் கிடைக்காது.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த சந்திப்பின் மத்தியானப் பந்தியில் பிரியாணிக்குப் பக்கத்தில் ஒரு பானை கம்பங்கூழ் வைக்க வேண்டும். கம்பை நான் கொண்டு வருகிறேன். என் செட் ஆம்பிளைகள் எல்லாரும் முந்தின நாளே வந்துவிட வேண்டும். உலக்கை பிடிப்பது நம்ம பொறுப்பு. அன்று என்னிடம் "என்னடா கொண்டு வந்திருக்கே?" என்று கேட்ட நண்பனும் வருவான் என்று நம்புகிறேன். இந்தத் தடவை சரியான பதிலைச் சொல்லிவிடுகிறேன்.