சின்ன கார்... பெரிய கயாக்! கூரையில் ஏத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

``வாடகைக்கு எடுத்து ஓட்டினது போதும்... நமக்கே நமக்குன்னு ஒரு கயாக் வாங்கிடலாம்" என்று முடிவெடுத்துட்டீங்களா? வாழ்த்துகள். ஆனா, வீட்டு வாசல்ல நிக்கிறது ஸ்விஃப்ட்டோ, வேகன் ஆரோ. வாங்கப்போறது 30 கிலோ எடையில், 10 அடி நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் படகு. அதை எப்படி கோவளத்துக்கோ முட்டுக்காட்டுக்கோ கொண்டுபோறது?

கார் கூரையில் கட்டிக்கிட்டுப் போறது உலகம் முழுக்க இருக்குற பழக்கம்தான். சரியா கட்டினா பயமே இல்லை. தப்பா கட்டினா? ஈ.சி.ஆரில் 80 கி.மீ வேகத்தில் அது கழன்று விழும்போது, உங்க பின்னாடி வர்றது ஒரு டூ-வீலரா இருக்க வாய்ப்பு அதிகம். அந்த பைக்கை மனசுல வெச்சுக்கிட்டே மேல படிங்க.

முதல்ல ஒரு கணக்கு

உங்க காரோட ஓனர்ஸ் மேனுவலை எடுங்க. கூரை எவ்வளவு எடை தாங்கும்னு அதில் இருக்கான்னு தேடுங்க. இல்லைன்னா சர்வீஸ் சென்டரில் கேளுங்க. சின்ன கார்களுக்கு இது பெரும்பாலும் 50 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். இந்த 50 கிலோவில் ரேக்கோட எடையும் சேர்த்தி!

உதாரணத்துக்கு, இரண்டு கிராஸ் பாரும் சேர்த்து 5 கிலோ, கயாக்கைத் தாங்குற பிடிப்பான்கள் 4 கிலோன்னு வைங்க. மிச்சம் 41 கிலோதான். கிராஸ் பாருக்கும் பிடிப்பானுக்கும் தனித்தனியா ஒரு எடை வரம்பு இருக்கும். கூரை, பார், பிடிப்பான்... மூணுல எது குறைவோ, அதுதான் உங்க வரம்பு.

இப்போ கயாக்குக்கு வருவோம். ஒருத்தர் ஓட்டுற, மேலே உட்கார்ற மாதிரியான பிளாஸ்டிக் கயாக் 20 முதல் 30 கிலோ. இரண்டு பேர் ஓட்டுறது 30 முதல் 40 கிலோ. மீன்பிடிக்கிறவங்க வாங்குற பெடல் கயாக் சிலது 50 கிலோவையே தாண்டும். அது சின்ன கார் கூரைக்கு ஆகாது. சீட், துடுப்பு, பெடல் எல்லாத்தையும் கழற்றி டிக்கியில் போட்டுட்டு, வெறும் உடலை மட்டும் எடை போட்டுப் பாருங்க. உள்ளே தேங்கியிருக்குற தண்ணியையும் வடிச்சுடுங்க. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ!

``கூரை மேல நானே ஏறி நின்னேன், ஒண்ணும் ஆகலையே"ன்னு சொல்லாதீங்க. நிக்கிற கார் வேற, ஓடுற கார் வேற. பள்ளத்தில் இறங்கும்போதும், சடன் பிரேக் போடும்போதும் ரேக் மேல விழுற விசை பல மடங்கு கூடும். மேனுவலில் இருக்குற வரம்பு, கார் ஓடும்போதுக்கானது.

நீளமும் முக்கியம் பாஸ்!

நம்ம ஊர் சின்ன கார்கள் எல்லாம் 4 மீட்டருக்குள்ளதான். 10 அடி கயாக் சுமார் 3.05 மீட்டர். பிரச்னை இல்லை. 12 அடி 3.66 மீட்டர். இது கிட்டத்தட்ட வேகன் ஆர் நீளம். 14 அடின்னா 4.27 மீட்டர். கார் முன்னாடியோ, பின்னாடியோ நீட்டிக்கிட்டுதான் நிக்கும்.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவுப்படி, அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டி சரக்கு பக்கவாட்டிலோ, முன்னாலோ, பின்னாலோ, உயரத்திலோ நீட்டிக்கிட்டு இருந்தா 20,000 ரூபாய் அபராதம். அதனால, காரை அளந்துட்டு கயாக் வாங்குங்க.

ரேக்கா, ஸ்டைலா?

சில கார்களில் கூரையில் இருக்குற ரூஃப் ரெயில் வெறும் அழகுக்கு ஒட்டினது. எடை தாங்குறதான்னு மேனுவலில் பாருங்க. ரெயில் இல்லாத கார்களுக்கு, கதவு ஃபிரேமில் கிளாம்ப் போட்டு மாட்டுற கிராஸ் பார் கிடைக்கும். உங்க கார் மாடலுக்குன்னே இருக்குற கிளாம்ப்பை வாங்குங்க. `எல்லா காருக்கும் பொருந்தும்' என்று விற்கிறது, உங்க காருக்குச் சரியா பொருந்தாம போகலாம்.

இரண்டு பாருக்கும் நடுவுல முடிஞ்ச அளவு இடைவெளி விடுங்க. சின்ன கார் கூரை குட்டை. பார்கள் கிட்டக்கிட்ட இருந்தா, கயாக்கோட இரண்டு முனையும் காத்துல ஏத்தப்பலகை மாதிரி ஆட ஆரம்பிச்சுடும்.

தனியா தூக்காதீங்க

இரண்டு பேர் இருந்தா ஆளுக்கொரு முனை. முதுகை வளைக்காம முட்டியை மடக்கித் தூக்குங்க. தனியா இருந்தா ஒரு வழி இருக்கு. காரோட பின்பக்கக் கூரை விளிம்பில் கனமான போர்வையோ, ரப்பர் மேட்டோ விரிங்க. கயாக்கை காருக்குப் பின்னாடி நேரா வெச்சு, முன் முனையை மட்டும் தூக்கி அது மேல சாய்ங்க. அப்புறம் பின் முனையைத் தூக்கி முன்னால தள்ளுங்க. ஒரே நேரத்தில் பாதி எடையைத்தான் நீங்க சுமப்பீங்க. டிக்கி மேல ஸ்பாய்லர் இருந்தா அது மேல எடை விழாம பார்த்துக்கோங்க.

மேலே உட்கார்ற ரக கயாக்கை, பாருக்கு நுரைப் பஞ்சு சுத்தி, கவிழ்த்து வைக்கிறது நல்லது. அதோட ஓரங்கள்தான் உறுதியான பகுதி. அடிப்பகுதி பார் மேல அழுந்தினா, நம்ம ஊர் வெயிலுக்கு பிளாஸ்டிக் இளகிப் பள்ளம் விழுந்துடும். கவிழ்த்து வெச்சா மழைத்தண்ணியும் தேங்காது.

கட்டுறதுலதான் எல்லாமே இருக்கு

பெரும்பாலானவங்க தப்பு பண்ற இடம் இதுதான். நடுவுல இரண்டு ஸ்ட்ராப் போட்டு இறுக்கிட்டு, ஆட்டிப் பார்த்துட்டுக் கிளம்பிடுவாங்க. அந்த ஸ்ட்ராப், கயாக்கை ரேக்கோடதான் கட்டுது. ரேக்கை காரோட பிடிச்சிருக்கிறது நாலு சின்ன கிளாம்ப். முன் கண்ணாடியில் மோதி மேலே ஏறுற காத்து, கயாக்கோட மூக்கைத் தூக்கப் பார்க்கும். கிளாம்ப் விட்டுச்சுன்னா, கயாக்கும் ரேக்கும் சேர்ந்தே பறக்கும். அதனால கயாக்கை காரோடவும் நேரடியா கட்டணும். ஆகமொத்தம் நாலு கட்டு.

1. ஒவ்வொரு பாரிலும் ஒரு ஸ்ட்ராப். 25 மி.மீ அகல பாலியஸ்டர் நாடா, கேம் பக்கிளோட இருக்கணும். லாரியில் போடுற ராட்செட் ஸ்ட்ராப் வேண்டாம். அதன் இறுக்கத்தில் கயாக்கே நசுங்கிடும். ஹார்டுவேர் கடை நைலான் கயிறு ஈரத்தில் இழுபடும். கொக்கி வெச்ச எலாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம்.

2. முன் மூக்கிலிருந்து காரோட முன்பக்கத்துக்கு, தலைகீழ் `வி' வடிவத்தில் கயிறு. பானட்டுக்கு அடியில் இருக்குற போல்ட்டில் மாட்டுற நாடா வளையம் கிடைக்குது. இரண்டு பக்கமும் அதை மாட்டி, அதில் கட்டலாம். பிளாஸ்டிக் பம்பரில் கட்டவே கூடாது.

3. பின் முனையிலிருந்து பின்பக்கத்துக்கு இன்னொரு கயிறு. டோ ஹூக்கில் கட்டலாம்.

முன், பின் கயிறுகளை ரொம்ப இறுக்கினா கயாக் வில்லா வளையும். தொய்வு இல்லாம இருந்தா போதும். மிச்சக் கயிறைச் சுருட்டி முடிச்சுப் போடுங்க. தொங்குற நுனி டயரில் சிக்கினா பெரிய ஆபத்து. ஸ்ட்ராப்பில் ஒரே ஒரு முறுக்கு விட்டா, ஓடும்போது `விர்ர்ர்'னு சத்தமும் வராது.

கடைசியா ஒரு சோதனை. கயாக்கோட முனையைப் பிடிச்சு ஆட்டுங்க. கயாக் மட்டும் ஆடினா கட்டு சரியில்லை. காரும் சேர்ந்து ஆடினா ஓகே!

ஓட்டும்போது...

* வேகம் இரண்டு மடங்கானா, காத்தோட விசை நாலு மடங்காகும். 60-70 கி.மீ-க்கு மேல போகாதீங்க. கடலோரச் சாலையில் பக்கவாட்டுக் காத்து அடிச்சா இன்னும் குறைங்க.
* கிளம்பி 5 கி.மீ-ல ஒருமுறை நிறுத்தி எல்லாக் கட்டையும் செக் பண்ணுங்க. அப்புறம் ஒவ்வொரு டீ பிரேக்கிலும் பண்ணுங்க.
* கூரையில் எடை கூடினா கார் வளைவுகளில் அதிகமா சாயும். பிரேக் பிடிக்கவும் தூரம் கூடுதலா வேணும்.
* தரையிலிருந்து கயாக் உச்சி வரை அளந்து, அந்த உயரத்தை ஒரு பேப்பரில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டுங்க. மால் பேஸ்மென்ட் பார்க்கிங் வாசலில் அது ஞாபகத்துக்கு வரணும்!

கணக்கு இடிக்குதா?

எடையோ, நீளமோ உங்க காருக்கு மீறினா, ``மெதுவா போனா சமாளிச்சிடலாம்" என்று கிளம்பாதீங்க. காத்தடைச்சு ஓட்டுற கயாக் பலதும் 20 கிலோவுக்குள்ள இருக்கும், மடிச்சா டிக்கியிலேயே அடங்கும். இல்லைன்னா நாலு பேரா சேர்ந்து, எல்லார் கயாக்கையும் ஒரே `குட்டி யானை'யில் ஏத்தி அனுப்பிடுங்க. செலவு பங்காகிடும்.

ஒரு கயிறு கூடுதலா கட்ட ஐந்து நிமிஷம்தான் ஆகும். உங்க பின்னாடி வர்ற பைக்காரருக்கு நீங்க யாருன்னே தெரியாது. ஆனா, அவர் பத்திரமா வீடு போய்ச் சேர்றது அந்த முடிச்சிலும் இருக்கு.