யாத்திரை, கூலி, சாவு

சாவு பற்றிய ஓர்மைதான் மனிதனைக் கிளப்புகிறது என்பது நம் துறவுச் சொல்லாடலின் பழைய பல்லவி. அதற்கு வசதியான சான்று 1896. அந்த ஜூலையில் மதுரையில் பதினாறு வயது வேங்கடராமனைத் திடீரென்று சாவு பயம் பிடிக்கிறது. பிணம்போல விறைத்துப் படுத்து, சாவது எது என்று பார்க்கிறான். ஆகஸ்ட் 29இல், அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு ரயிலேறுகிறான். செப்டம்பர் 1இல் திருவண்ணாமலை. ரமணராகி 1950இல் இறக்கும்வரை அங்கிருந்து நகரவேயில்லை. சாவு அவரை ஊர்சுற்ற வைக்கவில்லை. ஒரே பயணம், அப்புறம் நிலைகொள்ளல்.

சரி, இந்தக் கதையில் யார் இல்லை? இருபது வருஷம் பின்னால் போவோம். சானமாவு உள்ள ஓசூர் வட்டாரம் அப்போது சேலம் ஜில்லா. 1876-78 தாது வருஷப் பஞ்சம். 1871இல் ஏறக்குறைய 20 லட்சமாயிருந்த ஜில்லாவின் சனத்தொகை 1881இல் 16 லட்சமாகிறது. செத்தவர் எத்தனை, பிழைக்கப் போனவர் எத்தனை என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்லாது. நிவாரண வேலை செய்பவனுக்குச் சில்லறையோடு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று 1877இல் தீர்மானித்தார் ரிச்சர்ட் டெம்பிள். 'இங்க இருந்தா சாவுதான்' என்கிற ஓர்மையோடு தமிழ் ஜில்லாக்களிலிருந்து சிலோன் காப்பித் தோட்டங்களுக்குச் சனம் நடந்தது. அதுவும் மரணத்தை முன்னிட்ட பயணம்தானே? ஆனால் அதற்கு 'யாத்திரை' என்று பெயர் வரவில்லை. 'கூலி' என்றுதான் வந்தது.

வேங்கடராமனும் வழியில் பட்டினி கிடந்தார், கடுக்கனை அடகு வைத்தார். அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் திரும்பிப் போக அவருக்கு ஒரு வீடு இருந்தது. போகாதது அவர் தேர்வு. அவருக்குச் சாவு ஒரு கேள்வி. பஞ்சத்தில் நடந்தவர்களுக்கு அது வழியோரத்துப் பிணம்.

இன்னொன்று: சாவு ஓர்மை எல்லாரையும் கிளப்புவதுமில்லை. ராகி முற்றுகிற பருவத்தில் கர்நாடகப் பக்கத்திலிருந்து யானைகள் சானமாவுக் காட்டுக்கு வந்து தங்குகின்றன. காவலிருப்பவருக்குச் சாவு தத்துவமல்ல. இருட்டில் கேட்கிற ஒரு சத்தம். ஆனாலும் அவர் போகமாட்டார். பயிரை விட்டுட்டு எங்க போறது?

அதே காட்டை ஒட்டிப் போகிறது தேசிய நெடுஞ்சாலை. சற்றுத் தள்ளி ஓசூர்த் தொழிற்சாலைகள். வடமாநிலங்களிலிருந்து வந்து உழைப்பவர்கள். 2020 மார்ச்சில் முடக்கம் வந்தபோது நாடெங்கும் இப்படிப்பட்டவர்கள் சாலைகளில் இறங்கி நடந்தார்கள். சாவுக்குப் பயந்து மட்டுமல்ல. செத்தாலும் சொந்த சனத்தோடு சாவோம் என்றும்தான். பாண்டிய நாட்டுப் பிசிராந்தையார் உறையூருக்குப் போனது எதற்கு? முன்பின் நேரில் பாராத கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது அவனோடு சாகத்தானே? 'எங்கே சாவது, யாரோடு சாவது' என்ற கேள்வி இரண்டிலும் ஒன்றுதான். அவருடைய நடையைப் புறநானூறு நட்பென்று பதிந்து வைத்திருக்கிறது. இவர்களுக்கு நாம் தயாராக வைத்திருந்த சொல் 'வடக்கன்'.