உரிமம்

உரிமம் என்பது, இசைவு இல்லாமல் செய்தால் சட்டத்துக்குப் புறம்பானதாகிவிடும் ஒரு செயலைச் செய்வதற்கு, அதைத் தடுக்கும் அதிகாரம் உடையவர் வழங்கும் அனுமதி ஆகும். பேச்சு வழக்கில் இது லைசென்ஸ் எனப்படுகின்றது. அனுமதி அளிப்பவர் உரிமம் வழங்குநர் எனவும், பெறுபவர் உரிமதாரர் எனவும் அழைக்கப்படுவர். அரசு, நில உரிமையாளர், நூலாசிரியர், கண்டுபிடிப்பாளர் எனப் பலரும் உரிமம் வழங்குநராக இருக்கலாம். உரிமம் உடைமையைக் கைமாற்றுவதில்லை. தடையை மட்டும் நீக்குகின்றது. குறுவட்டில் மென்பொருள் வாங்கியவருக்கு வட்டு சொந்தம்; மென்பொருளைப் பொறுத்தவரை பெரும்பாலும் அவர் உரிமதாரர் மட்டுமே.

நிலம், கட்டடம்

இந்தியாவில் நிலம் தொடர்பான உரிமத்தை 1882 ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 52 ஆம் பிரிவில் வரையறுக்கின்றது. இதன்படி உரிமதாரருக்கு அச்சொத்தில் எவ்விதப் பங்கும் உண்டாவதில்லை. குத்தகை இதிலிருந்து வேறுபட்டது. குத்தகைதாரருக்குச் சொத்தின் மீது ஒரு நலன் உண்டு; வாடகைச் சட்டங்களின் பாதுகாப்பும் கிடைக்கக்கூடும். இதனால் குத்தகையை உரிமம் என்று எழுதிக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. தில்லி விடுதி ஒன்றின் இரண்டு அறைகளில் முடிதிருத்தும் தொழில் நடத்தியவர் தொடர்பான வழக்கில், ஆவணத்துக்கு இடப்பட்ட பெயரை அல்ல, அதன் உள்ளடக்கத்தையே பார்க்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1959 இல் கூறியது. உரிமம் எனப் பெயரிடப்பட்டிருந்த அவ்வாவணம் குத்தகையாகவே கொள்ளப்பட்டது.

பொதுவாக நில உரிமத்தை வழங்குநர் திரும்பப் பெறலாம். எனினும், உரிமதாரர் அதை நம்பிச் செலவு செய்து நிலையான கட்டுமானம் எழுப்பியிருந்தால் திரும்பப் பெற இயலாது என்கிறது அதே சட்டத்தின் 60 ஆம் பிரிவு.

அரசு வழங்கும் உரிமங்கள்

ஓட்டுநர் உரிமம் பரவலாக அறியப்பட்ட ஒன்று. இந்தியாவில் இது 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுகின்றது. முதலில் பழகுநர் உரிமம் பெற்று, பின்னர் தேர்வில் தேறவேண்டும். தகுதியைச் சோதித்து வழங்கப்படுவதால் இதைப் பிறருக்கு மாற்றித்தர முடியாது. உரிமம் எப்போதும் தகுதியைச் சோதிப்பதாகவும் இருப்பதில்லை. வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கே அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் பெறும் முறை இந்தியாவில் 1980கள் வரை இருந்தது. அது வருவாய்க்கான ஏற்பாடு என்பதே பொருத்தம்.

தொழில் உரிமம் இவற்றை விடப் பெரிய விளைவுகளை ஏற்படுத்தியது. 1951 ஆம் ஆண்டின் தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பட்டியலிடப்பட்ட தொழில்களில் புதிய ஆலை தொடங்கவும், உற்பத்தித் திறனைக் கணிசமாகப் பெருக்கவும், புதிய பொருளை உற்பத்தி செய்யவும் நடுவண் அரசின் உரிமம் தேவைப்பட்டது. சிலர் உரிமத்தைப் பெற்றுவிட்டு ஆலை தொடங்காமல் இருந்தனர். போட்டியாளர் நுழையாமல் தடுக்க அதுவே போதுமானதாக இருந்தது. இம்முறையைக் கடுமையாக எதிர்த்த இராஜாஜி இதனை 'பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்' என்று சாடினார். 1991 சூலை 24 அன்று அறிவிக்கப்பட்ட புதிய தொழிற்கொள்கை, 18 தொழில்கள் தவிர ஏனையவற்றுக்குத் தொழில் உரிமத்தை நீக்கியது. பின்னர் அப்பட்டியலும் சுருங்கியது.

காப்புரிமையும் கட்டாய உரிமமும்

காப்புரிமை பெற்றவர் தம் கண்டுபிடிப்பைப் பிறர் பயன்படுத்தாமல் தடுக்கலாம். அல்லது உரிமத்தொகை பெற்றுக்கொண்டு அனுமதிக்கலாம். அவர் மறுத்தாலும் அரசே அனுமதி வழங்குவது கட்டாய உரிமம் எனப்படும். இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970 இன் 84 ஆம் பிரிவின்படி, காப்புரிமை வழங்கப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆன பின்னர் இதற்கு விண்ணப்பிக்கலாம். மக்களின் நியாயமான தேவை நிறைவேறாமை, கட்டுப்படியாகும் விலையில் கிடைக்காமை, கண்டுபிடிப்பு இந்தியாவில் செயற்படுத்தப்படாமை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருத்தல் போதுமானது.

இந்தியாவில் இவ்வகையில் முதல் உரிமம் 2012 மார்ச்சில் வழங்கப்பட்டது. சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்களுக்கான சோராஃபெனிப் மருந்தை பேயர் நிறுவனம் ஒரு மாதத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாய் விலையில் விற்றுவந்தது. அதைச் சுமார் 8,800 ரூபாய்க்கு விற்க ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது. பேயருக்கு விற்பனையில் 6 விழுக்காடு உரிமத்தொகை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் இது 7 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஆராய்ச்சிச் செலவை யார் ஈடுசெய்வது என்னும் கேள்வியை மருந்து நிறுவனங்கள் எழுப்பின. அக்கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று, ஆயினும் பழைய விலையில் அம்மருந்து பெரும்பாலான நோயாளிகளுக்கு எட்டாததாகவே இருந்தது.

பதிப்புரிமையும் திறந்த உரிமங்களும்

நூல், இசை, மென்பொருள் ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை உருவாக்கத்துடனேயே வந்துவிடுகின்றது. எனவே படைப்பாளர் ஏதும் கூறாதிருந்தால் அது அனுமதி ஆகாது. இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைப்பதும் மறுபதிப்புக்கான அனுமதி ஆகாது. தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் இதற்கு விதிவிலக்கு. அவற்றை எவரும் பதிப்பிக்கலாம்.

ரிச்சர்டு இசுட்டால்மன் 1989 இல் வெளியிட்ட குனூ பொதுமக்கள் உரிமம் பதிப்புரிமையையே கருவியாகக் கொண்டு எதிர்த்திசையில் சென்றது. மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். ஆனால் மாற்றியதைப் பகிரும்போது அதே உரிமத்தில், மூலநிரலுடன் பகிரவேண்டும். மென்பொருள் அல்லாத படைப்புகளுக்கு ஏற்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 இல் வெளிவந்தன.

விலையின்றி அளிக்கப்பட்ட உரிமத்தின் நிபந்தனைகள் கட்டுப்படுத்துமா என்னும் ஐயத்துக்கு, மாதிரித் தொடருந்துகளை இயக்கும் மென்பொருள் குறித்த வழக்கொன்றில் அமெரிக்க நீதிமன்றம் 2008 இல் விடையளித்தது. நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலே ஆகலாம் என்பது அத்தீர்ப்பு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களை வழங்குநர் திரும்பப் பெற முடியாது. நிபந்தனையை மீறுபவருக்கு மட்டும் உரிமம் தானாக முடிவுறும். 2013 இல் வெளியான 4.0 பதிப்பின்படி, மீறலைக் கண்டறிந்த 30 நாட்களுக்குள் திருத்திக்கொண்டால் அது மீண்டும் உயிர்பெறும்.