முகாமில் பிறந்தவர் எந்நாட்டுக் குடிமக்கள்? மலையகத் தமிழரும் குடியுரிமைச் சட்டமும்

இன்றைய தேனி மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்த பழைய மதுரை மாவட்டத்திலிருந்து, நிலமற்ற தலித் மக்கள் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட வழிகள் இரண்டு. ஒன்று, குமுளியையும் போடிமெட்டையும் கடந்து தோட்டங்களுக்கு ஏறிய மலைவழி. மற்றொன்று, கங்காணிகளின் பின்னால் இலங்கையின் மலைநாட்டுக்குச் சென்ற கடல்வழி. அங்கே காப்பித் தோட்டங்களிலும் பின்னர் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தோரில் பெரும்பான்மையினர் பள்ளர், பறையர், சக்கிலியர் சாதிகளைச் சேர்ந்தோர். அவர்களின் வழித்தோன்றல்களில் கணிசமானோர் இன்று தமிழகத்தின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழ்கின்றனர். கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையம், இராயப்பன்பட்டி ஆகிய ஊர்களிலும் அத்தகைய முகாம்கள் உள்ளன. முகாம்களில் பணியாற்றும் தோழர்களும் மாணவர்களும் அடிக்கடி எதிர்கொள்ளும் சட்டக் கேள்விகளுக்கு இக்கட்டுரை விடை தருகிறது.

'தாயகம் திரும்பியோர்', 'அகதி' – என்ன வேறுபாடு?

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. இவ்வொப்பந்தங்களின்படி இந்தியக் கடவுச்சீட்டுடன் வந்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. இவர்கள் இந்தியக் குடிமக்கள்.

1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் போக்குவரத்து நின்றது. 1983 வன்முறைக்குப் பின் உயிர் தப்பிப் படகேறி வந்தோர் அகதிகளாகப் பதிவு செய்யப்பட்டனர். ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்த அண்ணன் குடிமகனாகவும், பிந்தி வந்த தங்கை 'சட்டவிரோதக் குடியேறி'யாகவும் ஆனது இவ்வாறுதான். இருவரையும் பிரித்தது பூர்விகமன்று. வந்த ஆண்டும் கையிலிருந்த தாளும்தான்.

முகாமில் பிறந்த குழந்தை இந்தியக் குடிமகனா?

பிறந்த தேதியே இதைத் தீர்மானிக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், பிரிவு 3, மூன்று காலகட்டங்களை வகுக்கிறது.

1. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்னர்வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும் பிறப்பால் குடிமகன்.

2. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3க்கு முன்னர்வரை பிறந்தவருக்கு, பிறந்த வேளையில் தாய் அல்லது தந்தை இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும்.

3. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு, பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

முதல் வகையினர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தேவையில்லை. பிறப்பை மெய்ப்பித்தால் போதும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணொருவர் இந்த அடிப்படையில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையை நாடி, 2022இல் தமக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு உத்தரவு பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார்.

மூன்றாம் வகையே இன்று மிகுந்த துயர் தருவது. முகாமைச் சேர்ந்தவரை இந்தியக் குடிமகன் ஒருவர் மணந்தாலும், முகாமைச் சேர்ந்தவர் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்பட்டால் அவர்களின் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை மறுக்கப்படுகிறது.

மற்றவர்கள் விண்ணப்பிக்க முடியுமா?

இந்திய வம்சாவளியினர் ஏழாண்டுகள் இங்கு வாழ்ந்திருந்தால் பிரிவு 5இன்கீழ்ப் பதிவு மூலம் குடியுரிமை கோரலாம். பிரிவு 6 இயல்புரிமை வழியைத் தருகிறது. ஆனால் இரு வழிகளும் சட்டவிரோதக் குடியேறிகளுக்கு அடைக்கப்பட்டுள்ளன. செல்லத்தக்க கடவுச்சீட்டின்றி நுழைந்தவரை அவ்வாறே சட்டம் வரையறுக்கிறது. மேலும், தாமோ பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால் மட்டுமே பிரிவு 5இன் நோக்கில் 'இந்திய வம்சாவளி'. மூன்று, நான்கு தலைமுறைகள் தோட்டத்திலேயே பிறந்த குடும்பங்களுக்கு இதுவும் தடையே.

இத்தடையை உடைக்க முயன்ற தீர்ப்பு 2019 ஜூன் 17 அன்று வந்தது. கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த மலையகத் தமிழர் தொடுத்த வழக்கில், நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் எனக் கண்டிப்பான பொருளில் கொள்ள இயலாது என்றார். விதியைத் தளர்த்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு என்றும், புதிய விண்ணப்பங்களைக் குறித்த காலத்துக்குள் பரிசீலிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். பரிசீலனைக்கே இது உரிமை தருகிறது, குடியுரிமையையே தந்துவிடவில்லை.

2019 திருத்தமும் 2025 சட்டமும் உதவுமா?

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளுக்கு மட்டுமே உரியது. இலங்கையிலிருந்து வந்தோர் எந்தச் சமயத்தவராயினும் அதில் இடம்பெறவில்லை.

2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தை ஒட்டிய உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா நிபந்தனையிலிருந்து விலக்களிக்கிறது. ஆவணமின்மைக்காக வழக்குத் தொடுக்கப்படும் அச்சத்தை இது நீக்குகிறது. எனினும் குடியுரிமைச் சட்டத்தின் 'சட்டவிரோதக் குடியேறி' வரையறை மாறவில்லை.

சாதிச் சான்றிதழ் கிடைக்குமா?

இடஒதுக்கீட்டுக்கு அடிப்படையான அரசமைப்புக் கூறுகள் 15, 16 குடிமக்களுக்கே உரியன. ஆகவே குடியுரிமையற்ற தலித் மாணவர், எந்தச் சாதிக்காக அவருடைய முன்னோர் ஒடுக்கப்பட்டனரோ அந்தச் சாதியின் பெயரால் உரிமை கோர இயலாது. மலைவழி சென்றவர்களுக்கும் இதன் சாயல் உண்டு: பட்டியல் சாதி நிலை மாநிலம் சார்ந்தது என்பதால், 1950இல் கேரளப் பகுதியில் வசித்ததற்குச் சான்று காட்ட இயலாத இடுக்கித் தமிழ்த் தலித்துகள் அங்கே சான்றிதழ் பெற அல்லாடுகின்றனர். அதே வேளையில், கூறு 14உம் 21உம் குடிமக்களுக்கு மட்டுமல்ல, அனைவருக்கும் பொருந்தும் என்பதை மறக்கலாகாது.

உடனடியாகச் செய்யத்தக்கவை எவை?

• ஒவ்வொரு குடும்பத்திலும் அனைவரின் பிறந்த தேதி, பிறந்த இடம், இந்தியா வந்த தேதி ஆகியவற்றைப் பட்டியலிடுங்கள். 1987 ஜூலைக்கு முன் இங்கு பிறந்தோரை முதலில் கண்டறியுங்கள்.

• பிறப்பைப் பதியாதவர்களுக்குத் தாமதப் பதிவு செய்யுங்கள். ஓராண்டு கடந்த பிறப்புகளுக்கு மாவட்ட நடுவர், உட்கோட்ட நடுவர் அல்லது மாவட்ட நடுவரால் அதிகாரமளிக்கப்பட்ட நிர்வாக நடுவரின் ஆணை தேவை. தமிழ்நாட்டில் இதற்கு வருவாய்த் துறை அலுவலகத்தை அணுக வேண்டும்.

• ஒப்பந்த காலத்து விண்ணப்பம், கண்டியில் வழங்கப்பட்ட இந்தியக் கடவுச்சீட்டு, தோட்டப் பதிவு, பூர்விக ஊரைக் குறிக்கும் தாள் எதுவாயினும் பாதுகாத்துப் படியெடுத்து வையுங்கள். பெற்றோரில் ஒருவர் குடிமகன் என்பதற்கு அக்கடவுச்சீட்டே வலுவான சான்று.

• விண்ணப்பத்தை மாவட்ட ஆட்சியர் வழியே அளித்து, ஒப்புகைச் சீட்டைப் பெறுங்கள். பதில் வராதபோது நீதிமன்றத்தில் காட்டத்தக்கது அதுவே.

• மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். தகுதியுடையோருக்குக் கட்டணமின்றி வழக்கறிஞர் கிடைப்பார்.

அகதிகள் குறித்த 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. எனவே இம்மக்களுக்கு நிலையான தீர்வு அகதி நிலையில் அன்று, குடியுரிமையில்தான் இருக்கிறது. அதற்குத் தேவையான சட்டத்திருத்தம் சிறியது: விலக்குப் பெற்ற இலங்கைத் தமிழரைச் 'சட்டவிரோதக் குடியேறி' வரையறையிலிருந்து நீக்குவதும், வம்சாவளி வரம்பைப் பாட்டன் பாட்டி தலைமுறைக்கு அப்பாலும் விரிப்பதுமே அது. அக்கோரிக்கையைத் தலித் இயக்கங்கள் தம் கோரிக்கையாக ஏற்க வேண்டும். கடல்கடந்து சென்றவர்கள் நம் சேரிகளிலிருந்து சென்றவர்கள்.