மத்தியின் விலையும் கைபேசியும்

டிஜிட்டல் தொழில்நுட்பம் சமூகத்தை என்ன செய்கிறது என்பதை ஆராயும் பல்கலைக்கழகத் துறைகளில் வட கேரளத்து மத்தி மீனுக்குத் தனி இடம் உண்டு. 1997 முதல் 2001 வரை கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு மாவட்டக் கடலோரத்துக்குக் கைபேசிச் சேவை படிப்படியாக வந்து சேர்ந்தது. அக்காலத்தில் 15 கடற்கரைச் சந்தைகளின் விலையை வாராவாரம் திரட்டிய பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன், 2007இல் தம் ஆய்வை வெளியிட்டார். முன்பெல்லாம் வடகரை என்ற ஊரில் வாங்க ஆளில்லாத மீன் கடலுக்கே திரும்பும். பதினைந்து கிலோமீட்டருக்குள் இன்னொரு கரையில் வியாபாரிகள் வெறுங்கையோடு கிளம்புவார்கள். கைபேசி வந்தபின் மீனவர்கள் படகிலிருந்தே விலை கேட்டுக் கரையைத் தேர்ந்தார்கள். கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு சுருங்கியது. மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 விழுக்காடு ஏற, வாங்குவோர் கொடுத்த விலை 4 விழுக்காடு இறங்கியது. விற்பவரும் வாங்குபவரும் ஒருசேர மகிழும் கதை பொருளியலில் அபூர்வம். கைபேசி கொடுத்தால் வறுமை குறையும் என்பதற்குச் சான்றாக உலகெங்கும் அது எடுத்தாளப்பட்டதில் வியப்பில்லை.

பின்னர் ஜானகி சீனிவாசனும் ஜென்னா பரலும் கேரள மீனவர்களோடு பேசிப் பழகி ஆராய்ந்து, 2013இல் எழுதிய கட்டுரை அந்தச் சான்றின் எல்லையைக் காட்டியது. படகுக்கும் வலைக்கும் முன்பணம் தந்த தரகரிடமே மீனை ஏலம் விடக் கட்டுப்பட்டவர், அடுத்த கரையின் விலையைத் தெரிந்துகொண்டு என்ன செய்வார்? தகவல் எல்லோருக்கும் எட்டியது. அதைக் கொண்டு கரை மாறும் உரிமை எல்லோருக்கும் எட்டவில்லை.

அப்படியானால் ஜென்சன் தவறா என்று கேட்கலாம். இல்லை, அவர் அளந்தது சந்தையை, பின்வந்தவர்கள் பார்த்தது சந்தைக்குள் மனிதரைக் கட்டிவைக்கும் கடனை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. ஆனால் முதலாவதை மட்டும் படித்த மாணவர் எந்த ஊருக்கும் ஒரு செயலியைப் பரிந்துரைப்பார். ஆகவே தொழில்நுட்பம் சமூகத்தை என்ன செய்கிறது என்ற இந்தப் படிப்பைக் கணினித் துறையிடமோ பொருளியல் துறையிடமோ முழுதாக ஒப்படைக்கக் கூடாது. புள்ளியியலும் களப்பணியும் ஒரே வகுப்பில் மோத வேண்டும் என்பேன். கருவிகள் பாடத்திட்டத்தைவிட வேகமாக மாறிவிடுகின்றனவே என்பது வலுவான மறுப்புதான். ஜென்சன் கண்ட காலத்துக் கைபேசி இன்று யாரிடமும் இல்லை. முன்பணம் தந்தவருக்கே சரக்கு என்ற ஏற்பாடு மட்டும், வாகனக் கடன் கொடுத்து ஓட்டுநர்களைச் சேர்த்துக்கொண்ட வாடகைக்கார் நிறுவனங்கள் வரை தொடர்கிறது.