சட்டைக்குள் ஒளிந்த மரப்பாச்சி

நாலங்குல உயரம் இருக்கும். மரத்தில் கடைந்த உடம்பு, கறுப்புச் சாயம் பூசிய தலைமுடி, மேலே துணியில் தைத்த உடுப்பு. 1846 ஏப்ரல் நடுவில் இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்து கலிஃபோர்னியாவுக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்ட ஒரு குடும்பத்தின் எட்டு வயது மகளிடம் இந்தப் பொம்மை இருந்தது. அவள் பெயர் மார்த்தா ஜேன் ரீட். அந்தக் குடும்பம் ஏற்றிச் சென்ற சாமான்களில் இதைவிட அற்பமானது இருந்திருக்காது. பயணம் முடிந்தபோது மிஞ்சியவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவற்றில் இது ஒன்று.

ரீட் குடும்பம் வசதியானது. அப்பா ஜேம்ஸ் ரீட் மரச்சாமான் தொழிலில் சம்பாதித்தவர். 1832இல் பிளாக் ஹாக் போரில் ஆபிரகாம் லிங்கன் இருந்த அதே படைப்பிரிவில் இருந்தவர். அம்மா மார்கரெட்டுக்குத் தீராத தலைவலி, மேற்குக் கரையின் காற்றில் அது குணமாகும் என்று நம்பிக்கை. மூன்று வண்டிகள் கட்டினார்கள். அதில் ஒன்றைப் போன்ற வண்டியை அந்தப் பாதை அதற்கு முன் பார்த்ததில்லை. பக்கவாட்டில் ஏறுவதற்குப் படி, சுருள்வில் வைத்த இருக்கைகள், உள்ளேயே ஒரு அடுப்பு, படுப்பதற்கு மேல்தளம். பகட்டுக்காகக் கட்டியது என்று பிற்காலத்தில் பலர் எழுதினார்கள். ஆனால் அதில் படுக்கையோடு ஏற்றப்பட்டவர் மார்கரெட்டின் தாய் சாரா கீஸ். எழுபது வயது, எழுந்து நடக்க முடியாத நோய், ஒரே மகளைப் பிரிந்திருக்க மனமில்லாமல் கூடவே கிளம்பியவர். அந்தப் பெரிய வண்டி ஒரு கிழவியின் கட்டில்தான்.

சாரா கீஸ் வெகுதூரம் போகவில்லை. மே 29 அன்று, இன்றைய கான்சாஸில், பிக் புளூ ஆற்றங்கரையில் ஆல்கோவ் ஊற்றுக்குப் பக்கத்தில் இறந்தார். அங்கேயே ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். மார்த்தா பாட்டியின் நரைத்த தலைமுடியில் ஒரு கற்றையை எடுத்து வைத்துக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. இந்தக் குழந்தையின் கையை அங்கேதான் நான் முதலில் அடையாளம் கண்டுகொள்கிறேன். போனதில் ஒரு துளியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கை. பொம்மையின் கதையும் அந்த முடிக்கற்றையின் கதையும் இதற்குப் பிறகு ஒரே மடியில் நடக்கின்றன.

அடுத்த இரண்டு மாதங்கள் ஆயிரக்கணக்கானோர் போன வழியிலேயே போயின. ஜூலை கடைசியில், இன்றைய வயோமிங்கில் இருக்கும் பிரிட்ஜர் கோட்டையில், வழி பிரிந்தது. லான்ஸ்ஃபோர்டு ஹேஸ்டிங்ஸ் என்பவர் 1845இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் ஒரு குறுக்குவழியைச் சொல்லியிருந்தார். புத்தகம் எழுதியபோது அவரே அந்த வழியில் வண்டியோடு போனதில்லை. அதே வழியைக் குதிரையில் கடந்து வந்த ஜேம்ஸ் கிளைமன், முன்பே லாரமி கோட்டைப் பக்கம் ரீட்டைச் சந்தித்து, வேண்டாம் என்று நேரிலேயே சொன்னார். ஆண்கள் கூடி, குறுக்குவழியிலேயே போவது என்று முடிவெடுத்தார்கள். அதே வண்டிக் கூட்டத்தில் வந்த ஜார்ஜ் டானரின் மனைவி டாம்சென் அந்த முடிவில் மனம் சோர்ந்து போனதாகக் கூடப் பயணித்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். டாம்சென் பள்ளி ஆசிரியை. கலிஃபோர்னியாவில் பள்ளிக்கூடம் திறக்கப் புத்தகங்களும் எழுதுபொருள்களும் வண்டியில் வைத்திருந்தவர். அவருடைய கவலைக்குக் கூட்டத்தில் ஓட்டு இல்லை.

வாசாட்ச் மலையில் வழியே கிடையாது. மரம் வெட்டி, பாறை புரட்டி, தாங்களே பாதை போட்டார்கள். அதில் ஆகஸ்டின் பெரும்பகுதி கரைந்தது. அதற்கப்பால் உப்புப் பாலைவனம். இரண்டு நாளில் கடந்துவிடலாம் என்று நம்பிய எண்பது மைல் ஐந்து நாளுக்கு மேல் இழுத்தது. மேலே காய்ந்து, அடியில் ஈரமான உப்புச் சேற்றில் சக்கரங்கள் புதைந்தன. தண்ணீர் வாடை தேடி இருட்டில் ஓடிய ரீட்டின் காளைகளில் பெரும்பாலானவை திரும்பவே இல்லை.

இங்கேதான் எடை என்பது எல்லாவற்றையும் தீர்மானிக்கத் தொடங்குகிறது. காளை குறைந்தால் வண்டி குறைய வேண்டும். வண்டி குறைந்தால் சாமானைக் கொட்ட வேண்டும். ரீட் தன் மூன்று வண்டிகளில் இரண்டை அந்தப் பாலையில் விட்டார். எடுக்க முடியாதவற்றைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். உணவும் போர்வையும் தவிர எதையும் எடுக்கக் கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லப்பட்டது. நாலங்குல மரத்துண்டால் எந்தக் காளைக்கும் மூச்சு வாங்காது. ஆனால் சட்டம் என்றால் எல்லாருக்கும் சட்டம். மார்த்தா கேட்கவும் இல்லை, காட்டவும் இல்லை. பொம்மையைத் தன் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 5 அன்று, நெவாடாவின் ஹம்போல்ட் ஆற்றோரம் ஒரு மேட்டில் வண்டி ஏற்றும்போது சண்டை மூண்டது. அதில் ஜான் ஸ்னைடர் என்ற இளைஞனை ரீட் கத்தியால் குத்திக் கொன்றார். தூக்கில் போடச் சொன்னவர்களும் இருந்தார்கள். கடைசியில் கூட்டத்தைவிட்டே அவரை விரட்டினார்கள். மார்கரெட் நான்கு குழந்தைகளோடு தனியானார்: பதின்மூன்று வயது வர்ஜீனியா, மார்த்தா, ஐந்து வயது ஜேம்ஸ், மூன்று வயது தாமஸ். சில நாட்களில் எஞ்சிய வண்டியும் போயிற்று. ஏப்ரலில் அந்தப் பாதையின் மிகப் பெரிய வண்டிக்குச் சொந்தக்காரர்கள், அக்டோபரில் ஊரார் தயவில் நடந்துகொண்டிருந்தார்கள்.

அப்போது எதிரே வந்தார் சார்லஸ் ஸ்டான்டன். முன்னதாகவே உதவி கேட்டு, மலைக்கு அப்பால் கலிஃபோர்னியாவில் இருந்த சட்டர் கோட்டைக்கு அனுப்பப்பட்டவர். மனைவி மக்கள் என்று அந்தக் கூட்டத்தில் அவருக்கு யாரும் கிடையாது, திரும்பி வந்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஏழு கோவேறு கழுதைகளில் உணவு ஏற்றிக்கொண்டு வந்தார். கூடவே கோட்டைக்காரர் சட்டரிடம் வேலை பார்த்த இரண்டு மிவோக் இளைஞர்கள், லூயிஸ், சால்வடோர். மார்கரெட்டைத் தாமஸோடு ஒரு கழுதையில் ஏற்றினார். வர்ஜீனியா ஸ்டான்டனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மார்த்தாவையும் தம்பி ஜேம்ஸையும் அந்த இரு இளைஞர்களும் தங்கள் பின்னால் ஆளுக்கொருவராக ஏற்றிக்கொண்டார்கள். மழையில் மலையேறினார்கள். முன்னே முன்பின் தெரியாத ஓர் இளைஞனின் முதுகு, சட்டைக்குள்ளே பொம்மை.

சியெரா நெவாடாவின் கணவாய் ஏழாயிரம் அடி உயரம். நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் அடிவாரத்து ட்ரக்கி ஏரியை எட்டியபோது பனி முந்திக்கொண்டது. ஏரியோரம் மூன்று மரக்குடில்கள், ஆறு மைல் பின்னால் ஆல்டர் ஓடையோரம் டானர் குடும்பங்களின் கூடாரங்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க இவைதான் ஊர். அந்த நிலம் வாஷோ மக்களுடையது. பனியில் தவித்த அந்நியர்களை எட்ட நின்று பார்த்ததையும், உணவு வைத்துவிட்டுப் போனதையும், அருகே வர அஞ்சியதையும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

மார்கரெட்டிடம் ஒரு மாடும் இல்லை. ஒன்றுக்கு இரண்டாகக் கலிஃபோர்னியாவில் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, வற்றலாய்ப் போன சில மாடுகளைக் கடனுக்கு வாங்கினார். இறைச்சி தீர்ந்ததும் கூரைமேல் போட்டிருந்த தோலைக் கிழித்து, மயிர் பொசுக்கி, பசையாகும்வரை வேகவைத்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று மார்கரெட், தான் வாரக்கணக்கில் ஒளித்து வைத்திருந்த குடலும் ஒரு துண்டு பன்றிக்கொழுப்பும் கொஞ்சம் அவரையும் உலர்ந்த ஆப்பிளும் எடுத்து ஒரு பானை ஏற்றினார். பிள்ளைகள் பசியில் அழுத நாட்களிலும் அதைத் தொடாமல் வைத்திருந்தவர் அவர். மகளுக்கு அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று இதற்குமேல் நான் தேடவில்லை. சில வாரம் கழித்து வீட்டு நாய் கேஷையும் தின்றார்கள். தலையோ காலோ மிச்சம் வைக்கவில்லை, ஒரு வாரம் அதில் ஓடியது.

ஜனவரி 4 அன்று மார்கரெட் மலையைத் தாண்டிப் பார்க்கத் துணிந்தார். வர்ஜீனியாவையும் வேலைக்காரர் இருவரையும் கூட்டிக்கொண்டு, சின்னவர்கள் மூவரையும் குடிலுக்கு ஒருவராக விட்டுச்சென்றார். நாலு நாளில் உறைபனிக் கால்களோடு திரும்பினார்கள். அந்த நாலு நாளும் தம்பிகளும் இல்லாமல், அந்நியர் குடிலில் மார்த்தா தனியாக இருந்தாள்.

பிப்ரவரி 18 அன்று முதல் மீட்புக் குழு வந்தது. ஏழு பேர். நாலு நாள் கழித்து இருபத்து மூன்று பேரை அழைத்துக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச தூரத்திலேயே மார்த்தாவும் தாமஸும் விழ ஆரம்பித்தார்கள். திருப்பி அனுப்புவதைத் தவிர வழியில்லை. மீட்புக் குழுவில் வந்த குளோவர், தன் கணவரைப் போலவே ஃப்ரீமேசன் சங்கத்தவர் என்று தெரிந்துகொண்ட மார்கரெட், அந்தச் சங்கத்தின் பேரில் சத்தியம் வாங்கினார், குழந்தைகளுக்காகத் திரும்பி வருவேன் என்று. மார்த்தா அழவில்லை. தன்னை இனிப் பார்க்க முடியாமல் போனால் உங்களால் ஆனதைச் செய்யுங்கள் அம்மா என்று சொல்லிவிட்டுத் தம்பியோடு திரும்பினாள். ஏரியோரம் இருந்த பிரீன் குடும்பத்தின் குடிலில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவே தயங்கினார்கள். அந்த வாரத்தில்தான் அவளுக்கு ஒன்பது வயது நிறைந்தது.

விரட்டப்பட்ட அப்பா மலைக்கு அப்பால் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் குழுவைத் திரட்டிக்கொண்டு வந்த ரீட், பிப்ரவரி 27 அன்று பனிநடுவில் மனைவியையும் இரு பிள்ளைகளையும் எதிர்கொண்டார். அவர்களை அனுப்பிவிட்டு மேலே ஏறினார். மார்ச் 1 அன்று அவர் ஏரியை அடைந்தபோது மார்த்தா குடிலின் கூரைமேல் உட்கார்ந்திருந்தாள். பனி கூரை மட்டத்துக்கு ஏறியிருந்ததால் கால் தரையில்தான் பட்டது.

இறங்கும் வழியில் புயல். இரண்டு இரவுக்கு மேல் நெருப்பைச் சுற்றிக் கிடந்தார்கள். பனிவெளிச்சத்தில் ரீட்டின் கண் பார்வை மங்கியது. புயல் ஓய்ந்து நடந்தபோது மார்த்தா சரிந்தாள், உடம்பு சில்லிட்டது. ரீட்டின் கையுறைக் கட்டைவிரலின் தையலில் பழைய ரொட்டித் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது, ஒரு தேக்கரண்டி இருக்கும். அதை வாயில் வைத்து ஈரமாக்கி மகளின் உதட்டுக்குள் தள்ளினார். உயிர் திரும்பியது. போர்வையில் கட்டி முதுகில் சுமந்தார்கள்.

அன்று இரவோ மறுநாளோ, உணவு கிடைத்த முதல் முகாமில், நெருப்பருகே உட்கார வைத்தபோது மார்த்தா சட்டைக்குள் கையை விட்டாள். பொம்மை வெளியே வந்தது. பாட்டியின் முடிக்கற்றையும் இருந்தது. சுற்றிப் பெரியவர்கள் இருக்க, அவள் பொம்மையிடம் பேசிக்கொண்டிருந்தாள். உப்புப் பாலையில் நுழைந்தது ஆறு மாதம் கழித்து வெளியே வந்திருக்கிறது. இத்தனை நாள் ஒரு பெரியவருக்கும் அது தெரியாது.

அந்த வண்டிக் கூட்டத்தின் எண்பத்தேழு பேரில் நாற்பது பேருக்குக் கொஞ்சம் முன்பின்னாக இறந்தார்கள். செத்தவர்களின் உடலைத் தின்று சிலர் பிழைத்தார்கள். 1847இலேயே கலிஃபோர்னியாப் பத்திரிகைகள் அதை வாய்நிறையப் பேசின, இன்றுவரை டானர் கூட்டம் என்றால் உலகம் அதையே கேட்கிறது. ரீட் வீட்டில் எவரும் அதைத் தொடவில்லை என்று குடும்பம் உறுதியாகச் சொல்லி வந்தது. நான் அதை வைத்து மற்றவர்களை எடைபோட மாட்டேன். ஆனால் ஒரு கொலையை மறக்க முடியவில்லை. டிசம்பரில் பனிக்காலணி கட்டி உதவி தேடிக் கிளம்பிய கூட்டத்தில் லூயிஸும் சால்வடோரும் வழிகாட்டப் போனார்கள். அங்கே மனித இறைச்சியை அவர்கள் தொடவில்லை. தங்களையே கொல்லப் போகிறார்கள் என்று தெரிந்து ஓடினார்கள். ஜனவரியில் களைத்து விழுந்து கிடந்த இருவரையும் கூட வந்தவர்களே சுட்டுத் தின்றார்கள். அந்தக் கூட்டத்தில் மலை தாண்டிய ஏழு பேரில் ஐந்து பேர் பெண்கள். அதில் போன பெண்களில் ஒருவரும் சாகவில்லை.

ரீட் குடும்பம் சான் ஹோசேயில் குடியேறிச் செழித்தது. அந்த ஊரில் இன்றும் ரீட், மார்கரெட், வர்ஜீனியா, மார்த்தா, கீஸ் என்று தெருக்கள் இருக்கின்றன. கான்சாஸ் மரத்தடியில் தங்கிவிட்ட பாட்டியின் பெயரும் தெருவாக வந்து சேர்ந்துவிட்டது. மார்த்தா 1856இல் ஃபிராங்க் லூயிஸை மணந்தார். எட்டுப் பிள்ளைகள். 1876இல் கணவர் இறந்தபின் விடுதி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பொம்மை கூடவே இருந்தது. பொம்மையோடு அப்பாவின் கடிதங்களும் குறிப்புகளும் குடும்பக் காகிதங்களும் சேர்ந்துகொண்டே வந்தன. 1879இல் சார்லஸ் மெக்கிளாஷன் என்ற ட்ரக்கிப் பத்திரிகையாசிரியர் இந்தத் துயரத்தின் வரலாற்றை எழுதியபோது, உயிரோடிருந்தவர்களில் அவருக்கு விவரம் எழுதி உதவியவர்களில் மார்த்தாவும் ஒருவர். இன்று ஆய்வாளர்கள் ரீட் குடும்பத்தைப் பற்றி நம்பி எழுதுவதில் பெரும்பகுதி, குப்பைக்குப் போகாமல் இந்தப் பெண் எடுத்து வைத்த காகிதங்களில் நிற்கிறது.

2003, 2004இல் ஆல்டர் ஓடைப் பக்கம் தொல்லியலாளர்கள் தோண்டினார்கள். அடுப்புச் சாம்பலும், பொடிப்பொடியாக நொறுக்கிய ஆயிரக்கணக்கான எலும்புச் சில்லுகளும் கிடைத்தன. அடையாளம் காண முடிந்தவை மாடு, குதிரை, மான், நாய். அவற்றுக்கு நடுவே தேநீர்க் கோப்பையின் உடைசல்களும், எழுதும் சிலேட்டின் துண்டுகளும். சிலேட்டுத் துண்டுகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு டாம்சென் டானர் நினைவுதான் வந்தது. நோயில் கிடந்த கணவரை விட்டுவர மறுத்து, மூன்று மகள்களை மீட்புக்காரர்களோடு அனுப்பிவிட்டு, அங்கேயே மடிந்த ஆசிரியை.

அந்த மகள்களில் இருவரும் மார்த்தாவும் 1918 ஜூனில் ஏரிக்கரையில் நினைவுச்சின்னம் திறந்தபோது வந்திருந்தார்கள். சிலைக்கு அடியில் இருக்கும் பீடம் இருபத்திரண்டு அடி உயரம், அந்தக் குளிர்காலப் பனியின் அளவாம். எண்பது வயது மார்த்தா அதன் கீழே நின்றார். 1923இல் இறந்தார்.

1940களில் குடும்பத்தார் காகிதங்களையும் பொம்மையையும் சாக்ரமென்டோவில் உள்ள சட்டர் கோட்டை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். 1956இல் ரேச்சல் லார்கார்டு பொம்மையே கதை சொல்வதுபோல் குழந்தைகளுக்கு ஒரு நாவல் எழுதினார். அதைப் படித்த பிள்ளைகள் தலைமுறையாக அந்தக் கோட்டைக்குப் பொம்மையைத் தேடி வருகிறார்கள். 1846 அக்டோபரில் உணவு ஏற்றிய ஏழு கழுதைகளோடு லூயிஸும் சால்வடோரும் கிளம்பிப் போனதும் அந்தக் கோட்டையில் இருந்துதான்.