பத்திரிகைக்குப் படியளப்பவர் யார்?

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், பல்கலைக்கழகப் படிப்பை முடித்துக்கொண்டு உதவி ஆசிரியனாகப் பத்திரிகைத் தொழிலுக்குள் நுழைந்த புதிதில் நிகழ்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் மாலை விளம்பரப் பகுதியிலிருந்து தட்டச்சுச் செய்யப்பட்ட இரண்டு தாள்கள் எனது மேசைக்கு வந்தன. நிதிக் கம்பனி ஒன்றின் வளர்ச்சியையும் அது வழங்கும் வட்டியையும் வியந்துரைக்கும் கட்டுரை அது. "தம்பி, தமிழைத் திருத்தி நாலாம் பக்கத்தில் போட்டுவிடும்" என்பது மேலிருந்து வந்த உத்தரவு. திருத்தினேன், தலைப்பும் இட்டேன். 'விளம்பரம்' என்ற சொல் அதற்கு மேலும் இருக்கவில்லை, கீழும் இருக்கவில்லை.

ஏறக்குறைய ஓராண்டின் பின்னர், வைப்பாளர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுக்க இயலாமல் அந்தக் கம்பனி கதவை மூடியது. சில நாட்களில் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் அந்தக் கட்டுரையின் நறுக்கு. அவர் சத்தமிடவில்லை. "தம்பி, இது நீங்கள் விசாரித்து எழுதினதோ, காசு வாங்கிப் போட்டதோ?" என்று மட்டும் கேட்டார். ஆசிரியர் வெளியே போயிருக்கிறார் என்று மறுமொழி கூறினேன். அது உண்மைதான். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் அல்லவே.

அந்தப் பெரியவரின் கேள்வி புதியதல்ல என்பதைப் பத்திரிகை வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பின்னரே அறிந்தேன்.

அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செய்தியின் உடையில் விளம்பரத்தை வெளியிடுவது பெரும் வியாபாரமாக இருந்தது. சர்வரோக நிவாரணிகளை விற்றவர்களே பத்திரிகைகளின் பெரிய வாடிக்கையாளர்கள். 1905ஆம் ஆண்டு 'கொலியர்ஸ்' வார இதழ் இந்த உறவை அம்பலப்படுத்தியது. அதில் எழுதிய மார்க் சலிவன், மருந்துக் கம்பனிகளின் விளம்பர ஒப்பந்தங்களில் இருந்த ஒரு வாசகத்தை வெளியே கொண்டு வந்தார். மாநிலத்தில் அம்மருந்துகளுக்குப் பாதகமான சட்டம் வந்தால் ஒப்பந்தம் இரத்தாகும் என்பதே அதன் சாரம். அதாவது, மருந்துப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதை வெளியிடுமாறு கோரும் சட்டத்தை எதிர்ப்பது பத்திரிகையின் சொந்த வருமானப் பிரச்சினையாக மாற்றப்பட்டிருந்தது. வாசகர் ஆசிரியத் தலையங்கத்தைப் படித்தார். அதன் பின்னால் இருந்த ஒப்பந்தத்தை அவர் காணவில்லை.

1912 ஓகஸ்ட் 24ஆம் திகதி அமெரிக்கக் காங்கிரஸ் இதற்கொரு சட்டம் இயற்றியது. பத்திரிகைகளுக்குக் கிடைத்துவந்த சலுகைத் தபால் கட்டணமே அச்சட்டத்தின் பிடி. சலுகை வேண்டுமாயின் ஆசிரியர், வெளியீட்டாளர், உரிமையாளர், முக்கிய கடன் பத்திரக்காரர் ஆகியோரின் பெயர்களை ஆண்டுக்கு இருமுறை வெளியிட வேண்டும். நாளேடுகள் தமது விற்பனைத் தொகையையும் கூறவேண்டும். பணமோ வேறு பயனோ பெற்று வெளியிடும் எதற்கும் 'விளம்பரம்' என்று தெளிவாகக் குறியிட வேண்டும். தவறினால் 50 முதல் 500 டொலர் வரை அபராதம். பத்திரிகைச் சுதந்திரம் பறிபோகிறது என்று வெளியீட்டாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 1913இல் உச்ச நீதிமன்றம் அவர்களது வாதத்தை நிராகரித்தது.

சட்டம் அமெரிக்காவில் வற்புறுத்தியதற்கும் ஒருபடி மேலே, தாமாகவே சென்ற பத்திரிகை ஒன்று அதே ஆண்டில் தென்னாபிரிக்காவில் இருந்தது. 1903இல் டர்பனில் தொடங்கப்பட்ட 'இந்தியன் ஒப்பீனியன்' ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வந்தது. ஒரு காலத்தில் மாதம் 75 பவுண் வரை காந்தி தமது வழக்கறிஞர் வருமானத்திலிருந்து அதற்குக் கொடுக்கவேண்டியிருந்தது. 1904இன் இறுதியில் அச்சகம் பீனிக்ஸ் பண்ணைக்கு மாற்றப்பட்டபோது, இனி ஊழியர்கள் எந்த ஏற்பாட்டின் கீழ், என்ன ஊதியத்துக்கு வேலை செய்யப்போகிறார்கள் என்பது பத்திரிகையிலேயே வாசகர்களுக்கு எடுத்துக் கூறப்பட்டது. நிறம் பாராது மாதம் 3 பவுண் என்பதே அந்த ஊதியம்.

தமிழ் வாசகர்களுக்குக் கசப்பான ஒரு செய்தியும் இதில் உண்டு. 1906இல் தமிழ், ஹிந்திப் பகுதிகள் நிறுத்தப்பட்டன. அவை பெயரளவில் மாத்திரமே இயங்கின, தொடர்ந்து நடத்துவது ஒருவகை ஏமாற்றாகும் என்று காந்தி தமது சுயசரிதையில் காரணம் கூறுகிறார். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களுக்கு அது இழப்புத்தான். எனினும் வெறும் பகட்டுக்காக ஒரு பகுதியை வைத்துக்கொண்டு சந்தா வாங்குவதும் மறைப்பே என்று கருதியதை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

1912இல் அப்பத்திரிகை விளம்பரங்களைக் கைவிட்டது. விளம்பரம் திரட்டுவதில் நல்ல ஊழியர்களின் நேரம் வீணாவதையும், சமூகத் தலைவர் ஒருவர் கொண்டுவரும் விளம்பரத்தை மறுக்க முடியாத சங்கடத்தையும் காந்தி பின்னர் எழுதினார். அவ்வாண்டு செப்டெம்பரில், பண்ணையும் பத்திரிகையும் ஐந்து தர்மகர்த்தாக்களிடம் ஒப்படைக்கப்பட்டதற்கான உறுதிப் பத்திரம் பத்திரிகையிலேயே வெளியாயிற்று. ஆயிரத்து இருநூறுக்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் இடையில் இருந்த சந்தாதாரர் தொகை, போராட்டம் உச்சமடைந்த காலத்தில் 3,500 வரை உயர்ந்தது.

விளம்பரத்தை முற்றாகத் துறப்பது எல்லாருக்கும் இயலும் என்று நான் வாதிட வரவில்லை. விளம்பரம் இல்லாவிட்டால் எனக்குச் சம்பளம் வந்திராது. காந்தியின் பத்திரிகையும் காற்றைக் குடித்து வாழவில்லை. அதற்கும் ஒருவர் படியளக்கவே வேண்டியிருந்தது. படியளப்பவர் இன்னார் என்பதை வாசகர் அறிந்திருந்தார் என்பதே வேறுபாடு. வாசகருக்கு அது தெரிந்தால், எழுதப்பட்டதை எவ்வளவு நம்பலாம் என்பதை அவரே நிறுத்துப் பார்த்துக்கொள்வார். தெரியாவிட்டால் அவருடைய தராசை நாம் களவாடியவர்களாகிறோம்.

அன்று அந்த நாலாம் பக்கக் கட்டுரையின் தலையில் ஒரேயொரு சொல்லைப் போட்டிருந்தால், அந்தப் பெரியவர் தமது ஓய்வூதியப் பணத்தைக் கொடுக்குமுன் இன்னொரு தடவை யோசித்திருக்கக்கூடும். யோசிக்காமலும் விட்டிருக்கலாம். ஆனால் தீர்மானம் அவருடையதாக இருந்திருக்கும்.

ஐயா, அது காசு வாங்கிப் போட்டதுதான். தமிழைத் திருத்தியவன் நான்.